அலையும் நரம்பும் நிற்கும் கால்களும்

'வேகஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்கு அலைந்து திரிவது என்று பொருள். மூளையின் அடியிலிருந்து புறப்பட்டு வயிற்றின் ஆழம் வரை செல்லும் ஒரு நரம்புக்கு ஐரோப்பிய உடற்கூற்றியலாளர்கள் இந்தப் பெயரை வைத்தார்கள். தமிழில் அதை அலையும் நரம்பு எனலாம். அகதிகளின் சஞ்சிகைக்குப் பொருத்தமான நரம்புதான் என்று வாசகர்களில் சிலர் சிரிக்கக்கூடும். இக்கட்டுரைக்குக் காரணம் பெயரல்ல. வேலைத்தளத்தில் மயங்கி விழுபவர்களைப் பற்றி நம்மிடையே நிலவும் கருத்துகளே காரணம்.

யாங்கோனிலிருந்து பியே நோக்கிச் செல்லும் வீதியில், வடக்கே ஏறத்தாழ முப்பது மைல் தொலைவில் மாவ்பி உள்ளது. சுற்றிலும் நெல்வயல்கள், அவற்றிடையே ஆடைத் தொழிற்சாலைகள். தையல் இயந்திரத்தில் வேலை செய்பவர்களுக்கு உட்கார ஓர் ஆசனமாவது உண்டு. துணி வெட்டுபவர்கள், இஸ்திரி போடுபவர்கள், தைத்த உடுப்பைச் சரிபார்ப்பவர்கள், என்னைப் போல் பெட்டியில் அடைப்பவர்கள் எல்லோரும் நின்றபடியே வேலை செய்கிறோம். ஏப்ரல் மாதத்து வெக்கையில், தகரக் கூரையின் கீழ் யாராவது ஒருவர் சரிந்து விழுவது இங்கு புதினமல்ல. பெரும்பாலும் இளம் பெண்கள். விழுந்த மறுகணமே விளக்கங்கள் வந்துவிடும். 'காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள்' என்பார் ஒருவர். 'லீவு எடுக்க நடிக்கிறாள்' என்பார் மேற்பார்வையாளர். 'நத்' எனப்படும் ஆவி பிடித்துவிட்டது என்பார் இன்னொருவர். கலியாணமாகாத பெண் என்றால் வேறு கதையும் கட்டப்படும். பெயர்களை மாற்றினால் இதே கதைகள் தமிழ்நாட்டு நூற்பாலைகளிலும், கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்திலும், நம்மவர்கள் கோப்பை கழுவும் ஐரோப்பியச் சமையலறைகளிலும் பொருந்தும்.

மயக்கம் நடிப்பல்ல, ஆவியல்ல, குணக்கேடுமல்ல. அது எல்லோருடைய உடலிலும் உள்ள ஓர் அனிச்சைச் செயல். அதை விளங்கிக்கொண்டால் விழுந்தவரை என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது என்பது தெளிவாகும். கூடவே, 'உங்கள் வேகஸ் நரம்பைச் சரிப்படுத்துங்கள், எல்லாம் சரியாகும்' என்று இன்று உலகெங்கும் விற்கப்படும் அறிவுரைகளின் எல்லையும் தெரியவரும். பின்னதைப் பற்றி விவாதிக்கவேண்டிய தேவை நமக்கு உண்டு.

பாதை

மூளையிலிருந்து நேரடியாகப் புறப்படும் நரம்புகள் பன்னிரண்டு சோடி. அவற்றில் பத்தாவது சோடி வேகஸ். மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தில் இதன் வேர்கள் உள்ளன. மண்டையோட்டின் அடியிலுள்ள ஒரு துளை வழியாக வெளியேறி, கழுத்தில் பெரிய தமனிக்கும் பெரிய நாளத்துக்கும் இடையே, மூன்றையும் சேர்த்துச் சுற்றிய ஓர் உறைக்குள் இறங்குகிறது. நெஞ்சறைக்குள் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கிளைகள் கொடுத்து, உணவுக்குழாயைப் பற்றிக்கொண்டு பிரிமென்றகட்டைக் கடந்து, இரைப்பை, ஈரல், சதையி, சிறுகுடல் ஆகியவற்றுக்கும் பெருங்குடலின் முற்பகுதிக்கும் செல்கிறது. மண்டையோட்டு நரம்புகளில் இவ்வளவு தூரம் போவது வேறில்லை.

வழியில் இரண்டு விசித்திரங்கள். முதலாவது, காதுத் துவாரத்தின் தோலுக்கு இது ஒரு சிறு கிளையை அனுப்புகிறது. காது குடையும்போது சிலருக்குக் காரணமின்றி இருமல் வருவது இதனால்தான். இரண்டாவது, குரல்வளைக்குச் செல்லும் கிளை. அது நேரே குரல்வளைக்குப் போவதில்லை. இடது பக்கத்தில் நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து எழும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலே ஏறுகிறது. எனவே நெஞ்சுக்குள் ஒரு கட்டி வளர்ந்தால் முதலில் குரல் கம்மிப்போகலாம். பல வாரங்கள் நீடிக்கும் குரலடைப்பைத் தடிமன் என்று தள்ளிவிடாமல் வைத்தியரிடம் காட்டவேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கு முக்கியமாகக் கவனிக்கவேண்டியது வேறொன்று. நரம்பு என்றதும் மூளையின் கட்டளையை உறுப்புகளுக்குக் கொண்டுசெல்லும் கம்பி என்றே நினைக்கிறோம். வேகஸின் இழைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு எதிர்த்திசையில் வேலை செய்கின்றன. குடல் எவ்வளவு விரிந்திருக்கிறது, நுரையீரல் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, பெருந்தமனியில் அழுத்தம் எவ்வளவு என்ற செய்திகளை அவை மேலே கொண்டுசெல்கின்றன. கட்டளை இழைகள் சிறுபான்மை. வேகஸ் முதன்மையாக ஒரு முறைப்பாட்டு நரம்பு.

நமது பேச்சுமொழிக்கு இந்தப் பாதை பழக்கமானது. பயம் வந்தால் வயிற்றைக் கலக்குகிறது என்கிறோம். துக்கம் வந்தால் தொண்டை அடைக்கிறது. கவலை வந்தால் நெஞ்சு கனக்கிறது. பிள்ளையின் செய்தி தெரியாத தாய்க்கு அடிவயிறு பற்றி எரிகிறது. தொண்டை, நெஞ்சு, வயிறு: வேகஸ் போகும் வழி இதுவே. இவையெல்லாம் இந்த ஒரு நரம்பின் வேலை என்று சொல்லவரவில்லை. உள்ளுறுப்புகளின் நிலை உணர்ச்சியின் ஒரு பகுதி என்பதை நம் மொழி வெட்கமின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதே நான் சொல்லவருவது. உடற்கூற்றைத் தமிழில் எழுதமுடியுமா என்று இன்றும் கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872 இல் தமிழில் வெளிவந்தது.

தவளை இதயமும் அகதிப் பேராசிரியர்களும்

1845 இல் ஜேர்மனியச் சகோதரர்களான ஏர்ன்ஸ்ட் வெபர், எடுவார்ட் வெபர் இருவரும் வேகஸை மின்சாரத்தால் தூண்டினால் இதயம் மெதுவாகி நின்றுவிடுவதைக் காட்டினார்கள். நரம்பு ஓர் உறுப்பை வேலை செய்யவைக்கும் என்றே அதுவரை கருதப்பட்டது. ஒரு நரம்பு உறுப்பை அடக்கவும் கூடும் என்பது புதிய செய்தியாக இருந்தது. நரம்புத் தொடர்பு எதுவுமின்றித் தனியே விட்டால் மனித இதயத்தின் இயல்பான வேகம் நிமிடத்துக்கு நூறளவில் இருக்கும். ஓய்வில் எழுபது, எழுபத்தைந்தாக இருப்பதற்குக் காரணம் வேகஸ் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்.

ஆனால் எப்படிப் பிடிக்கிறது? மின்சாரமாகவா, ஏதாவது இரசாயனமாகவா? இக்கேள்விக்கு ஒஸ்திரியாவின் கிராஸ் நகரப் பேராசிரியர் ஒட்டோ லோவி 1921 இல் விடை வெளியிட்டார். இரண்டு தவளை இதயங்களை எடுத்தார். முதலாவதின் வேகஸைத் தூண்டி அதன் துடிப்பை மெதுவாக்கினார். அந்த இதயத்துக்குள் இருந்த உப்புக் கரைசலை எடுத்து, நரம்பு எதுவும் தூண்டப்படாத இரண்டாவது இதயத்தினுள் விட்டார். அதுவும் மெதுவாகியது. நரம்பு நுனியிலிருந்து ஒரு பொருள் வெளிவருகிறது என்பது இதனால் தெரிந்தது. அதற்கு 'வேகஸ் பொருள்' என்று பெயர் வைத்தார். பின்னர் அது அசற்றைல்கோலின் என்று அடையாளம் காணப்பட்டது. இப்பரிசோதனையின் திட்டம் தனக்குக் கனவில் வந்ததாக லோவி எழுதியிருக்கிறார். முதல் இரவு எழுந்து குறித்துவைத்ததைக் காலையில் வாசிக்க முடியவில்லை. மறுநாள் இரவு கனவு மீண்டும் வந்தபோது நேரே ஆய்வுகூடத்துக்கு ஓடினார்.

பாடநூல்கள் இதோடு நிறுத்திக்கொள்ளும். 1936 இல் பிரித்தானியரான ஹென்றி டேலுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட லோவி ஒரு யூதர். 1938 மார்ச்சில் ஹிட்லரின் படைகள் ஒஸ்திரியாவுக்குள் நுழைந்தபோது சிறையிலடைக்கப்பட்டார். நோபல் பரிசுப் பணத்தை நாஜிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வங்கிக்கு மாற்றிக்கொடுத்த பின்னரே நாட்டைவிட்டு வெளியேற அனுமதிக்கப்பட்டார். பிரசல்ஸ், ஒக்ஸ்ஃபோர்ட் என்று அலைந்து 1940 இல் நியூயோர்க் சேர்ந்தார். விசாவுக்காகச் செய்யப்பட்ட மருத்துவப் பரிசோதனையின் அறிக்கையைக் கப்பலில் இரகசியமாகத் திறந்து பார்த்தபோது, மூப்பினால் தளர்ந்தவர், உழைத்துப் பிழைக்க இயலாதவர் என்று எழுதியிருந்ததாம். துறைமுகத்து வைத்தியர் அதைப் பெரிதுபடுத்தாததால் உள்ளே போகமுடிந்தது. அதன்பின் இருபது வருடங்கள் நியூயோர்க் பல்கலைக்கழகத்தோடு தொடர்புகொண்டு இயங்கி, 1961 இல் காலமானார். படிவங்களில் நம்மைப் பற்றி எழுதப்படும் வசனங்களை அறிந்த வாசகர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

லோவியின் பரிசோதனை தவளையில் நடந்தது. பாலூட்டிகளுக்கும் இது பொருந்துமா என்று ஐயம் இருந்தது. அதைத் தீர்க்க உதவியவரும் ஓர் அகதி. யூதர் என்பதால் 1933 இல் பேர்லினில் வேலையிழந்த வில்ஹெல்ம் ஃபெல்ட்பேர்க் இலண்டனில் டேலின் ஆய்வுகூடத்துக்கு வந்தார். அவர் கொண்டுவந்த தொழில்நுட்பம் ஓர் அட்டை. எசரின் என்ற மருந்தில் ஊறவைத்த அட்டையின் தசை, மிகச் சிறிதளவு அசற்றைல்கோலின் பட்டாலும் சுருங்கும். அதைக் கொண்டு, நாயின் வேகஸைத் தூண்டும்போது இரைப்பையிலிருந்து வரும் இரத்தத்தில் அதே பொருள் இருப்பதை 1934 இல் டேலும் ஃபெல்ட்பேர்க்கும் காட்டினார்கள்.

இந்தப் பொருளின் செயலை நம் கிராமங்கள் வேறு வழிகளில் அறிந்திருந்தன. பழக்கமில்லாதவர் பாக்கை மென்றால் வியர்த்து, எச்சில் ஊறி, நெஞ்சடைத்துத் தலை சுற்றும். 'பாக்குச் சொருக்கு' என்பார்கள். பாக்கிலுள்ள அரிகோலின், அசற்றைல்கோலின் பிடிக்கும் அதே ஏற்பிகளில் போய்ப் பிடிக்கிறது. வெற்றிலை மெல்லாத வாயே குறைவான இந்த நாட்டில் அதைத் தினமும் காண்கிறேன். இரண்டாவது வழி கொடியது. வயலுக்குத் தெளிக்கும் ஓகனோபொஸ்பேற் பூச்சிமருந்துகள், அசற்றைல்கோலினைச் சிதைக்கும் நொதியத்தை முடக்குகின்றன. சிதையாத அசற்றைல்கோலின் குவிகிறது: எச்சில் வழிகிறது, மூச்சுக்குழாயில் நீர் பெருகுகிறது, கண்மணி சுருங்குகிறது, இதயம் மெதுவாகிறது. வைத்தியசாலையில் ஏற்றப்படும் அத்ரோபின் அந்த ஏற்பிகளை மூடிவிடுகிறது. இலங்கையின் கிராமப்புற வைத்தியசாலைகளில் எத்தனையோ உயிர்களைக் காத்த மருந்து அது.

நிற்பதன் விலை

இனி மயக்கத்துக்கு வருவோம். ஒருவர் எழுந்து நிற்கும்போது அரை லீற்றருக்குக் குறையாத இரத்தம் கால்களுக்கும் அடிவயிற்றுக்கும் இறங்குகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் ஒவ்வொரு அடியிலும் நாளங்களை அழுத்தி அதை மேலே தள்ளுகின்றன. அசையாமல் நின்றால் இந்தப் பம்பி நின்றுபோகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் உடனே முகுளத்துக்கு முறையிடுகின்றன. பெருந்தமனியிலிருந்து இம்முறைப்பாட்டைக் கொண்டுபோவதும் வேகஸ்தான். முகுளம் வேகஸின் பிரேக்கைத் தளர்த்தி, பரிவு நரம்புகளை முடுக்கி, இதயத்தை வேகமாக்கி, குழாய்களைச் சுருக்கி நிலைமையைச் சமாளிக்கிறது. கால்கடுக்க நிற்பவர்கள் இப்படித்தான் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கிறார்கள்.

இத்துடன் மற்றவற்றையும் கூட்டுங்கள். வெக்கையில் உடலைக் குளிர்விக்கத் தோலின் குழாய்கள் விரிந்து இரத்தத்தை எடுத்துக்கொள்கின்றன. வியர்வையில் நீரும் உப்பும் போகின்றன. தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போகவேண்டும், போனால் அன்றைய எண்ணிக்கை குறையும் என்பதால் பெண்கள் குடிப்பதைக் குறைக்கிறார்கள். இரும்புச்சத்துக் குறைவு, மாதவிடாய், ஓவர்டைம் முடிந்து தூங்காத இரவு, காலை ஆகாரமின்மை எல்லாம் சேருகின்றன. ஒரு கட்டத்தில் சமாளிப்பு முறிகிறது. சிலரில் சட்டென்று எல்லாம் தலைகீழாகிறது. சுருங்கியிருந்த குழாய்கள் தளர்கின்றன. வேகஸ் முழு பிரேக்கையும் போடுகிறது. இதயம் மெதுவாகிறது, சில வினாடிகள் நின்றும் போகலாம். இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஆறில் ஒரு பங்கை வாங்கும் மூளை சில வினாடித் தட்டுப்பாட்டையும் பொறுக்காது. கண் இருட்டுகிறது, காது அடைக்கிறது, வியர்க்கிறது, குமட்டுகிறது, முகம் வெளிறுகிறது, ஆள் விழுகிறார். இரத்தத்தையோ ஊசியையோ கண்டு மயங்குபவர்களில் நடப்பதும் இறுதியில் இதுவே. பயிற்சி பெற்ற இராணுவத்தினர் அணிவகுப்பில் அசையாமல் நின்று விழுவதும் இதுவே. அவர்களை யாரும் நடிக்கிறார்கள் என்று சொல்வதில்லை.

வேகஸ் மட்டுமே குற்றவாளியும் அல்ல. 1932 இல் பிரித்தானிய இதயநோய் நிபுணர் தோமஸ் லூயிஸ் மயக்கமுற்றவருக்கு அத்ரோபின் கொடுத்துப் பார்த்தார். இதயத் துடிப்பு ஏறியது. இரத்த அழுத்தம் தாழ்ந்தபடியே இருந்தது. குழாய்கள் தளர்வதும் வேகஸ் பிரேக் போடுவதும் சேர்ந்த நிகழ்வு இது என்பதாலேயே இம்மயக்கத்தின் மருத்துவப் பெயரில் 'குழாய்', 'வேகஸ்' என்ற இரண்டு சொற்களும் உள்ளன.

விழுதல் இங்கே ஒரு விதத்தில் வைத்தியமும் ஆகிறது. கிடந்த நிலையில் காலில் தேங்கிய இரத்தம் இதயத்துக்குத் திரும்புகிறது. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் நினைவு வந்துவிடுகிறது. எனவே நடைமுறைக்கு வேண்டியவை சில:

விழுந்தவரைத் தூக்கி நிறுத்தாதீர்கள், கதிரையில் இருத்தாதீர்கள். இரண்டு பேர் தோளில் தாங்கி நடத்திக்கொண்டு போவது நாம் எல்லா இடத்திலும் காணும் காட்சி. மூளைக்கு இரத்தம் ஏறவிடாமல் தடுக்கும் இச்செயல் உயிருக்கே ஆபத்தாகலாம். தரையில் மல்லாக்கக் கிடத்திக் கால்களை ஓர் அடி உயர்த்துங்கள். உடுப்பைத் தளர்த்துங்கள், கூட்டத்தை விலக்குங்கள். நினைவு திரும்பும்வரை வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். கர்ப்பிணி என்றால் இடது பக்கம் சரித்துக் கிடத்துங்கள்.

மயக்கத்தில் கைகால் சில தடவை வெட்டி இழுப்பது சாதாரணம். அதை வைத்து வலிப்பு என்று முடிவுகட்டவேண்டாம். கையில் சாவியோ இரும்போ திணிப்பதால் எந்த நன்மையும் இல்லை. இங்குள்ளவர்கள் எப்போதும் கையில் வைத்திருக்கும் மூலிகை முகர்குப்பி மூக்கை உறுத்தி ஆளை உசுப்பலாம். இரத்தத்தை மேலே கொண்டுவருவது கிடத்தல்தான்.

கண் இருட்டத் தொடங்கும்போதே செய்யக்கூடியதும் உண்டு. உடனே இருங்கள் அல்லது படுங்கள். முடியாவிட்டால் கால்களை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வைத்துத் தொடையையும் வயிற்றையும் இறுக்குங்கள். இரண்டு கைகளையும் கோத்து எதிரெதிரே இழுங்கள். நின்ற இடத்தில் குதிக்காலை உயர்த்தித் தாழ்த்துவது கெண்டைக்காலின் பம்பியை இயக்கும். வேலைக்குமுன் அரை லீற்றர் தண்ணீர் குடிப்பது உதவும்.

எல்லா மயக்கமும் இதுவல்ல. ஓடும்போதோ பாரம் தூக்கும்போதோ விழுந்தால், நெஞ்சுநோவோ படபடப்போ முன்னே வந்தால், படுத்திருக்கும்போதே நினைவு தப்பினால், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நிகழ்ந்திருந்தால், சில நிமிடங்களில் தெளியாவிட்டால், தெளிந்தபின் பேச்சுக் குழறினால், கர்ப்பிணியானால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். வெக்கையில் விழுந்தவருடைய உடல் நெருப்பாய்க் கொதித்து மனம் பேதலித்தால் அது வெப்பத்தாக்கு. தண்ணீர் ஊற்றி உடலைக் குளிர்வித்தபடி கொண்டுபோங்கள்.

மூச்சை விற்பவர்கள்

அண்மைக் காலமாக வேகஸ் ஒரு வியாபாரப் பெயராகிவிட்டது. ஐஸ் தண்ணீரில் முகம் புதைப்பது, காதில் மின்கருவி மாட்டுவது, இத்தனை எண்ணி மூச்சு விடுவது எனப் பலவும் மனக்காயத்துக்கு மருந்தாக விற்கப்படுகின்றன. முழுவதும் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. கழுத்தில் வேகஸைத் தூண்டும் கருவியைப் பொருத்துவது, மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புக்கு 1997 இலும் மனச்சோர்வுக்கு 2005 இலும் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. மூச்சைப் பொறுத்தவரை, உள்ளே இழுக்கும்போது நாடி சற்று விரைவதும் வெளிவிடும்போது தாழ்வதும் வேகஸின் வேலை. மணிக்கட்டில் விரலை வைத்து எவரும் சோதிக்கலாம். 2001 இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வு, செபமாலை செபத்தை இலத்தீனில் சொல்லும்போதும் ஒரு பௌத்த மந்திரத்தைச் சொல்லும்போதும் மூச்சு நிமிடத்துக்கு ஆறளவுக்கு இறங்கி, இரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் அனிச்சை வலுவடைவதைக் காட்டியது. நம் பாட்டிமார் செபமாலை உருட்டியதிலும் நாமம் செபித்ததிலும் இந்தப் பலன் கலந்திருந்தது. அதற்கு யாரும் கட்டணம் வாங்கவில்லை.

கேள்வி எழுவது அடுத்த படியில். அமெரிக்க உளவியலாளர் ஸ்டீபன் போர்ஜஸ் 1990களின் நடுப்பகுதியில் முன்வைத்த 'பல்வேகஸ் கோட்பாடு' பாலூட்டிகளில் மட்டும் பரிணமித்த ஒரு புதிய வேகஸ் பாதை நம் சமூக உறவையும் பாதுகாப்புணர்வையும் நிர்வகிப்பதாகக் கூறுகிறது. உளவளத்துணையாளரிடையே இது பெருமதிப்புப் பெற்றுள்ளது. உடற்றொழிலியலாளர் பலர் இதை ஏற்கவில்லை. பாலூட்டிகளுக்கே உரியது எனப்பட்ட, மூச்சோடு இதயத் துடிப்பை இணைக்கும் ஏற்பாடு நுரையீரல் மீனிலேயே இருப்பதை 2018 இல் ஓர் ஆய்வு காட்டியது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு பழைய வரலாறு. இரைப்பையில் அமிலம் சுரக்கத் தூண்டுவதில் வேகஸுக்குப் பங்குண்டு. குடற்புண் கவலையாலும் அவசர வாழ்க்கையாலும் வருவது என்று நம்பப்பட்ட காலத்தில், 1943 இல் சிக்காகோவில் லெஸ்டர் டிராக்ஸ்டெட் அந்நோயாளிகளின் வேகஸை வெட்டும் சத்திரசிகிச்சையைத் தொடங்கினார். அமிலம் குறைந்தது, பலருக்குப் புண்ணும் ஆறியது. பல்லாயிரம் பேரின் வேகஸ் வெட்டப்பட்டது. 1980களில் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வாரனும் பரி மார்ஷலும் பெரும்பாலான குடற்புண்களுக்குக் காரணம் ஒரு பக்ரீரியா என்று காட்டினார்கள். 2005 இல் நோபல் பரிசு பெற்றார்கள். நரம்பில் கைவைத்தால் பலன் கிடைத்தது உண்மை. அதனால் காரணம் நரம்பில் இருந்தது என்று ஆகிவிடவில்லை.

மனக்காயம் பற்றிய பேச்சிலும் இதே தவறு மீண்டும் நடக்கிறது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், மூச்சுப் பயிற்சி, செபம், தளர்வுப் பயிற்சி போன்ற மரபு முறைகளை வைத்தியத்தில் சேர்க்கவேண்டும் என்று வாதிட்டவர். அதே சோமசுந்தரம் 2007 இல் வட இலங்கை பற்றி எழுதியபோது 'கூட்டு மனவடு' என்ற கருத்தை முன்வைத்தார். குடும்பம், அயல், ஊர், நம்பிக்கை ஆகியனவே சிதைந்திருக்கும்போது தனியொருவரின் அறிகுறிகளை மட்டும் பார்ப்பது போதாது என்பது அதன் சாரம். தளர்வுப் பயிற்சியை ஆதரித்த ஒருவரே அதன் எல்லையையும் சொல்லியிருக்கிறார் என்பது கவனிக்கத்தக்கது. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவருக்கு நெஞ்சு படபடப்பது நரம்பின் கோளாறல்ல. நரம்பு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கலாம், அன்றிரவு தூங்க உதவும். ஒரு நல்ல சட்டத்தரணியும் வேண்டும்.

நாற்காலி

தொழிற்சாலைக்கும் இது பொருந்தும். கம்போடிய ஆடைத் தொழிற்சாலைகளில் 2011 தொடக்கம் பல வருடங்கள் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான பெண்கள் கூட்டங்கூட்டமாக மயங்கி விழுந்தார்கள். வெப்பம், காற்றோட்டமின்மை, இரசாயன நெடி, போதிய உணவின்மை என்பதெல்லாம் பேசப்பட்டன. 'கூட்டு மனப்பதற்றம்' என்றும் சொல்லப்பட்டது. மலேசியத் தொழிற்சாலைகளில் பெண்களுக்கு ஆவி பிடிப்பதை ஆராய்ந்த மானிடவியலாளர் ஐவா ஓங், 1987 இல் வெளியான நூலில் அதை ஒருவகை எதிர்ப்பாக வாசித்தார். அந்த வாசிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஒவ்வொரு மயக்கத்தையும் எதிர்ப்பாகப் பார்க்கத் தொடங்கினால், விழுந்தவள் வேண்டுமென்றே விழுந்தாள் என்ற மேற்பார்வையாளரின் கூற்றுக்கு மறுபுறத்தால் போய்ச் சேர்ந்துவிடும் ஆபத்து உண்டு. அனிச்சைச் செயலுக்கு நோக்கம் கிடையாது. அதற்குக் காரணங்கள் உண்டு. அக்காரணங்களை ஒருவர் ஏற்படுத்துகிறார்.

அவற்றை அகற்றவும் முடியும். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் கடைகளில் நாள் முழுக்க நிற்கவைக்கப்பட்ட பெண்கள், விஜி தலைமையிலான 'பெண்கூட்டு' அமைப்பின் கீழ் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள். 2018 இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டெம்பரில் தமிழ்நாடு தனது 1947 ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கை வசதியைக் கட்டாயமாக்கும் பிரிவைச் சேர்த்தது. 2010 இல் வந்த 'அங்காடித் தெரு' படம் பார்த்தவர்களுக்கு அந்தக் கால்களைத் தெரியும். தொழிற்சாலைகளைப் பொறுத்தவரை, நின்று வேலை செய்பவர்கள் இடைவேளை கிடைக்கும்போது இருக்க வசதி செய்துதர வேண்டும் என்று இந்தியாவின் 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவே சொல்லியிருந்தது. சட்டத்தில் இருப்பது தளத்துக்கு வருவதற்கு எத்தனை காலம் எடுக்கிறது என்பது இன்னொரு கட்டுரைக்குரிய விடயம்.

முதலாளிக்குச் செலவு அதிகமில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஒரு நாற்காலி, மணிக்கு ஐந்து நிமிட நடை, கேட்காமல் போகக்கூடிய கழிப்பறை, உப்பும் சீனியும் கலந்த தண்ணீர், கூரையின் கீழ் இரண்டு காற்றுப்போக்கிகள். இவை மயக்கங்களில் பெரும்பகுதியைத் தடுக்கும். இவற்றுக்குப் பதிலாகத் தொழிலாளருக்கு மூச்சுப் பயிற்சி வகுப்பு வைப்பதாக எங்காவது அறிவித்தால், வகுப்புக்குப் போங்கள், அங்கேயும் நாற்காலி கேளுங்கள்.

நமது வாசகர்களில் மருத்துவமனைகளில் வேலை செய்பவர்களும், உளவளத்துணையைத் தொழிலாகக் கொண்டவர்களும் இருக்கிறார்கள். பல்வேகஸ் கோட்பாடு அகதிகளிடையே நடைமுறையில் பயன் தந்திருப்பதாகச் சிலர் கருதக்கூடும். அப்படியானால் அடுத்த இதழில் எழுதவேண்டும். நின்று வேலை செய்பவர்களும் எழுதவேண்டும்: உங்கள் வேலைத்தளத்தில் விழுந்தவர்களைக் கிடத்துகிறார்களா, நிறுத்துகிறார்களா?